வியாழக்கிழமைக் கூடம்

அத்தியாயம் 9

அன்றைக்கு இடி விழுந்தது ஊருக்கு வெளியே இருந்த மின் நிலையத்தில். ராஜராஜேஸ்வரியோ தன் தலையிலேயே விழுந்த மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மணி ஐந்தேகால். வியாழக்கிழமை. ஏழரைக்கு டிவியில் நாடகம்.

வேறு வாரமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இந்த வாரம் விட முடியாது. ஏழு நாளைக்கு முன்னால்தான், புருஷனிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல், பாளையங்கோட்டை தேவசிகாமணியிடம் "செஞ்சு தாரேன்" என்று ஒப்புக்கொண்டு வந்திருந்தாள்.

தேவசிகாமணி போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை. புதுத்துணி உடுத்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் படம் பிடிக்க வருவார்கள். இத்தனை காலம் அவர்களுக்குப் பின்னால் தொங்கிய பனிமலைத் திரை சாயம்போய்க் கிழிந்துவிட்டது. ஊரோ வியாழக்கிழமை நாடகத்தில் வருகிற கூடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய சென்னையில் ஒரு வக்கீல் வீடு. அந்தக் கூடத்தையே ஸ்டூடியோவுக்குள் கட்டிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

அவர் மனைவிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில்தான் ராஜராஜேஸ்வரியின் கட்டம் போட்ட நோட்டு பையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்த தேவசிகாமணி அதைப் புரட்டிப் பார்த்தார். எட்டு வாரமாக அவள் வரைந்து வைத்திருந்த அதே கூடம், பக்கம் பக்கமாக. இதைப் பார்த்துக் கட்டித் தர முடியுமா என்று அங்கேயே கேட்டுவிட்டார்.

அவள் கதைக்காக நாடகம் பார்க்கிறவள் இல்லை. கதாநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு அழும்போது வளவில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் முந்தானையில் மூக்கைத் துடைப்பார்கள். இவள் மட்டும் அந்தத் தூணுக்குப் பக்கத்து நிலைக்கண்ணாடியின் சட்டத்தில் எத்தனை பூ செதுக்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பாள். வளைந்த கால் வைத்த நாற்காலிகள். ஜன்னலுக்கு மேலே விசிறி மாதிரி விரிந்த கண்ணாடித் துண்டுகள். லேஸ் வைத்த திரைச்சீலை, அதை இழுத்துக் கட்ட ஒரு பட்டுக் குஞ்சம். எந்தச் சாமானும் இடம் கிடைத்ததென்று வந்து உட்கார்ந்த சாமானாக இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தான்.

அவளுக்கு வாய்த்தது டவுனில் ஒரு வளவுக்குள் ஒன்றரை அறை. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டு ஓனர் முதல் நாளே போட்ட சட்டம். பதினோரு வருஷமாக அவர்கள் வீட்டுக் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஸ்டூடியோவுக்கு ஆசாரி வருகிறார். மரம் அளக்க முழுக் கூடத்தின் படமும் வேண்டும். இதுவரை நாடகத்தில் மூன்று சுவரைத்தான் காட்டியிருந்தார்கள். இன்றைக்கு நாடகத்தில் நிச்சயதார்த்தம், முழுக் கூடமும் தெரியும்.

"படம் இல்லன்னா இப்பவே சொல்லிருங்கம்மா. ஆள் வச்சு பழையபடி பனிமலையே வரைஞ்சுக்கிடுதேன்" என்று தேவசிகாமணி பக்குவமாகத்தான் சொல்லியிருந்தார்.

ராஜராஜேஸ்வரி எழுந்து வாசலுக்கு வந்தாள். லைன்மேன் மாடக்கண்ணு மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, கரண்ட் எப்ப வரும்?"

"காலையிலதான் தாயி. டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை எல்லாம் அவுட்டு."

"எங்கனயுமே இல்லியா?"

"சீவலப்பேரி பக்கம் இருக்கு. அது வேற லைன்லா."

சீவலப்பேரி. அங்கே அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டு வாசலை இவர்கள் மிதித்து நாலு வருஷம் ஆகிறது.

தாலுகா ஆபீஸிலிருந்து புருஷன் கோமதிசங்கர் நனைந்து வந்து சேர்ந்தான். அவன் துண்டை எடுத்துத் தலை துவட்டுகிற வரை பொறுத்திருந்தாள்.

"ஏங்க, சீவலப்பேரியில கரண்ட் இருக்காம்."

துவட்டிய கை நின்றது. "இருக்கட்டும். அதுக்கு?"

"மதினி வீட்டுல டிவி இருக்கும்லா."

"ஒரு நாடகத்துக்கா இந்தத் துடிப்பு துடிக்க? அடுத்த வாரம் பாத்தா ஆகாதா?"

அப்போதுதான் சொன்னாள். தேவசிகாமணி, ஸ்டூடியோ, ஆசாரி, ஒன்பது மணி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அவன் ஏதாவது சொல்லிச் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். கோமதிசங்கர் வாயைத் திறந்தால் தாலுகா ஆபீஸே சிரிக்கும். இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"ஏளா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா நீங்க என்னமும் சொல்லிச் சிரிப்பீங்க. நீங்க சிரிச்சிட்டா பெறகு என்னால அதைச் செய்ய முடியாது."

அவள் சண்டைக்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

நோட்டு, பென்சில், குடை. அவள் படியிறங்கிவிட்டாள். ஜங்ஷனில் சீவலப்பேரி பஸ் கிளம்புகிற நேரத்தில் பின்படியில் யாரோ தாவி ஏறினார்கள். திரும்பிப் பார்த்தால் கோமதிசங்கர்.

"நான் உள்ள வரமாட்டேன். டீக்கடையில இருக்கேன். இருட்டுல நீ ஒத்தையில வரக்கூடாதுன்னுதான்" என்றான் பக்கத்தில் உட்கார்ந்து.

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. கார்த்திகை வெள்ளத்தில் தாமிரபரணி செம்மண் கலரில் இரு கரையும் தொட்டு ஓடியது. இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் நினைப்பு ஓடியது ஒரே நாளைச் சுற்றித்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கோமதிசங்கரின் அக்கா கோமு சீவலப்பேரியில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். கூடத்துக்கு அவளே நிறம் தேர்ந்தெடுத்து அடித்திருந்தாள். சுவர் முழுக்கப் பச்சை. கீழே இடுப்பு உயரத்துக்கு ரோஸ் கரை. வாசல் நிறையச் சொந்தபந்தம். கோமதிசங்கர் உள்ளே வந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏக்கா, வீடு கட்டச் சொன்னா ஐஸ் வண்டில்லா கட்டி வச்சிருக்க!"

நூறு பேர் சிரித்தார்கள். கோமு சிரிக்கவில்லை. பந்தியில் தம்பிக்கு அவள் கையால் பரிமாறவில்லை. பிறகு பொங்கலுக்கு வரவில்லை, கடிதத்துக்குப் பதில் போடவில்லை. ஒரு தமாஷுக்குப் போய் இப்படியா என்று இவனும் வீம்பாக இருந்துவிட்டான்.

பஸ் சீவலப்பேரியில் நின்றபோது மணி ஏழே கால். வீடுகளில் விளக்கு எரிந்தது. ராஜராஜேஸ்வரி குடையைத் தலைக்குப் பிடிக்காமல் நோட்டுக்குப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோமதிசங்கர் டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கிக்கொண்டான்.

கதவைத் திறந்தது கோமுதான்.

"யாரு?"

"நான்தான் மதினி. ராஜி."

கோமுவின் முகம் வெளிறிப்போனது. "சங்கருக்கு என்னளா? சொல்லு. என்னமும் ஆயிப்போச்சா?"

"ஐயோ, ஒண்ணுமில்ல மதினி. அவுங்க நல்லா இருக்காங்க."

"பெறகு?"

"நாடகம் பாக்க வந்தேன்."

கோமு அவளை மேலும் கீழும் பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, நெஞ்சோடு ஒரு நோட்டு.

"டவுன்ல இருந்து, இந்த மழையில, நாடகம் பாக்கவா?"

"டவுன்ல கரண்ட் இல்ல மதினி."

உள்ளேயிருந்து கோமுவின் கணவர் குற்றாலலிங்கம் எட்டிப் பார்த்தார். "அட, வாம்மா வா! ஏன் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்க கோமு?" என்று துண்டை நீட்டினார். கோமு வழிவிட்டாள்.

கூடத்துக்குள் கால் வைத்த ராஜராஜேஸ்வரி அப்படியே நின்றாள்.

பச்சை இல்லை. ரோஸ் கரை இல்லை. நாலு சுவரும் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. ஒரு சாமி படமோ கல்யாணப் படமோ காலண்டரோ எதுவும் கிடையாது. ஒரு பெஞ்சு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் டிவி. யாரோ நாளைக்கே காலி செய்யப்போகிற வீடு மாதிரி இருந்தது.

"எப்ப மதினி...?"

"பால் காய்ச்சின மறு வாரம்" என்றாள் கோமு. "உக்காரு. போடப் போறான்."

நாடகம் ஆரம்பித்தது. ராஜராஜேஸ்வரி நோட்டை விரித்தாள். முதல் காட்சியிலேயே முழுக் கூடமும் வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு ஜமக்காளம் விரித்து, நிலைமாலை கட்டி, எல்லா விளக்கும் ஏற்றியிருந்தார்கள். அவள் எட்டு வாரமாகக் காத்திருந்த நாலாவது சுவர் கண்ணெதிரே இருந்தது.

பென்சில் நகரவில்லை.

அவள் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. இது கலர். எட்டு வாரமாக அவள் சாம்பல் நிறத்தில் பார்த்த கூடம் இப்போது நிறத்தோடு நின்றது. சுவர் சந்தனக் கலர் என்று அவளாக முடிவு கட்டியிருந்தாள். சந்தனம்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. நாளைக்கு ஸ்டூடியோச் சுவருக்குச் சந்தனக் கலர்தான் வாங்குவதாகவும் இருந்தாள்.

சுவர் பச்சை. மழைக்குப் பிறகு வாழை இலையில் வெயில் பட்டால் வருகிற பச்சை. கீழே, இடுப்பு உயரத்துக்கு, ரோஸ் கரை. அந்தப் பச்சையின் முன்னால் ஈட்டி மர நாற்காலிகள் கருகருவென்று மின்னின. கண்ணாடித் துண்டுகளின் சிவப்பும் மஞ்சளும் அதன் மேல் விழுந்து கிடந்தன. இப்படி ஓர் அழகு இருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை.

"மதினி... இந்தப் பச்சை..."

"ம்."

"இது நம்ம..."

"படத்தை வரையி. முடிஞ்சிரும்."

வரைந்தாள். நாலாவது சுவரில் மாடப்பிறை இருந்தது, உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு. வாசலுக்கு மேலே மரத்தில் கொடி வேலைப்பாடு. கை வரைய வரைய, எந்த நிறம் எங்கே என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

விளம்பரம் வந்தபோது கோமு பேசினாள். டிவியைப் பார்த்தே பேசினாள்.

"மொத வாரமே பாத்தேன்ளா. பாத்துட்டு அடுக்களைக்குப் போயி அழுதேன். உங்க அண்ணாச்சிகிட்ட கூடச் சொல்லல. பச்சைப் பொடிப் பாக்கெட் ரெண்டு, மஞ்சப் பாக்கெட் அரை. நானா கலக்கினது. பெயிண்டர் வேண்டாம்மான்னான். வெயில்ல நின்னுட்டு உள்ள வந்தா கண்ணு குளிரணும்னு நினைச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

குற்றாலலிங்கம் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குச் சிரித்த நூறு பேரில் அவரும் ஒருவர்.

நாடகம் முடிந்தது. அடுத்த வாரக் காட்சிகள் வந்தன. மாட்டு வண்டியில் அந்த நாற்காலிகளும் நிலைக்கண்ணாடியும் ஏறின. வக்கீல் கடனில் மூழ்கிவிட்டார் போலிருக்கிறது. கடைசியாக வாசல் கதவில் ஒரு பெரிய பூட்டு.

"ஐயையோ, வீட்டைப் பூட்டுதாங்களே!" என்றாள் கோமு.

ராஜராஜேஸ்வரி நோட்டை மூடினாள். இனி அந்தக் கூடம் வராது. கிறிஸ்துமஸுக்குள் ஊர் வேறெதையாவது பேச ஆரம்பித்துவிட்டால்? தேவசிகாமணி வியாபாரி. கூடமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டால்?

அவள் முகத்தைப் பார்த்த கோமு, "எதுக்குளா இப்படி முழிக்க? அந்த நோட்டுல என்ன?" என்றாள். ராஜராஜேஸ்வரி விஷயத்தைச் சொன்னாள். கோமு நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு பக்கமாக. பார்த்து முடித்துவிட்டு நிமிராமலே கேட்டாள்:

"அவன் எங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "டீக்கடையில நிக்காங்க."

"மழையிலயா?"

கோமு புருஷனைப் பார்த்தாள். குற்றாலலிங்கம் அதற்காகவே காத்திருந்த மாதிரி குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கோமதிசங்கர் வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றினான். உள்ளே ஒரு கால் வைத்தவன் சுவரைப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"பச்சை எங்கக்கா?" என்றான்.

"நீதானலே ஐஸ் வண்டின்ன."

"அதுக்காக... ஒரு வார்த்தைக்காகவா அழிச்ச?"

"உனக்கு ஒரு வார்த்தை. நான் ரெண்டு மாசம் யோசிச்சு அடிச்சேன்லே. சுவத்தைப் பாக்கும்போதெல்லாம் நீங்க எல்லாரும் சிரிக்கது கேட்டுது. சுண்ணாம்பு அடிச்ச பெறகுதான் உறக்கம் வந்துது."

ஆபீஸில் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் வெள்ளைச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தான். சாயங்காலம் வீட்டில் பெண்டாட்டி சொன்னது அவன் காதில் ஒலித்திருக்க வேண்டும். ராஜராஜேஸ்வரியை ஒரு தடவை பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினான்.

"நான் சொன்னது தப்புக்கா. சிரிப்புக்காகச் சொல்லிட்டேன். அது உன் நெஞ்சுல போய்த் தச்சிருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"இதை இங்கன சொல்லுத. அன்னைக்கு நூறு பேரு முன்னாலல்லா சொன்ன."

"இப்ப என்ன செய்யணும், சொல்லு."

கோமு யோசித்தாள். "ராஜி, அந்த ஸ்டூடியோவுல படம் பிடிச்சா எங்கன வைப்பாங்க?"

"நல்லா வந்த படத்தைக் கடை வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க மதினி."

"அப்ப அந்தப் பச்சைக் கூடத்துல மொதப் படம் என்னையும் இவனையும் பிடிக்கணும். கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். பாளையங்கோட்டை பூராவும் பாக்கட்டும்."

கோமதிசங்கர் தொண்டையைச் செருமினான். "நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

"நிக்கதா? நாற்காலி எனக்கு. நீ கீழ உக்காரு."

முதலில் சிரித்தது குற்றாலலிங்கம். பிறகு கோமதிசங்கர். கோமு சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். தோசைக் கல் அடுப்பில் ஏறுகிற சத்தம் கேட்டது.

மூன்று பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். கோமு தோசையைச் சுடச்சுடக் கொண்டுவந்து போட்டாள். இரண்டாவது தோசையில் கோமதிசங்கர்தான் அந்தப் பேச்சை எடுத்தான். குற்றாலலிங்கம் வரும் வழியிலேயே பூட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

"ஏளா, பாளையங்கோட்டையிலதான் கரண்ட் இல்லியே. இன்னைக்கு நாடகத்தை அங்கன யாரும் பாத்திருக்க மாட்டாங்க. வீட்டைப் பூட்டுன விஷயம் தேவசிகாமணிக்கு அடுத்த வியாழக்கிழமைதான் தெரியும். அதுக்குள்ள ஆசாரி மரத்தை அறுத்திருவாரு. நாம வாயைத் திறக்காம இருந்தா வேலை நடந்துரும்."

"அதெப்படி? சொல்லிரணும்" என்றாள் கோமு.

"சொன்னா பனிமலையைப் போட்டுருவாருக்கா."

இரண்டு பேரும் ராஜராஜேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் தட்டை ஓரமாக வைத்தாள்.

"சொல்லத்தான் போறேன். சொல்லிட்டு இந்தப் படத்தையும் காட்டுதேன். இனிமே டிவியில இந்தக் கூடம் வராது, பாக்கணும்னா உங்க கடைக்குத்தான் வரணும்னு சொல்லுதேன். பெறகு அவர் இஷ்டம்."

"வேண்டாம்னுட்டா?" என்றான் கோமதிசங்கர். அவன் குரலில் கேலி இல்லை. அவளுக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டான்.

ராஜராஜேஸ்வரி அந்த நாலு வெள்ளைச் சுவர்களையும் ஒரு சுற்று பார்த்தாள்.

"வேண்டாம்னா, இங்கன கட்டுவோம் மதினி."

கோமு தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, தன் வீட்டுக் கூடத்தையே புதிதாகப் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே டவுனுக்குப் போகிற கடைசி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"காலையில ஆறு மணிக்கு மொத பஸ்" என்றாள் கோமு. "நானும் வாரேன். அந்தப் பச்சையை எப்படிக் கலக்கணும்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."